‘ஏலே’ என்று கூப்பிட்ட படம்

எங்கள் ஓவிய அருங்காட்சியகத்தின் இணையப் பக்கத்தில் இனிமேல் கமெண்டுகளுக்குப் பதில் எழுதப்போவது மெஷினாம். யார் என்ன கேட்டாலும் கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் போய்விடுமாம். என் இடத்துக்கு வந்திருக்கும் பிரியா என்கிற பெண் போன் போட்டுச் சொன்னாள். “அண்ணாச்சி, நீங்க எப்படிப் பதில் எழுதுனீங்கன்னு கொஞ்சம் எழுதிக் குடுங்க. அதப் படிச்சு மெஷினு கத்துக்கிடுமாம்” என்றாள். ஓய்வு பெற்று மில்லர்புரத்து வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவனுக்கு வாத்தியார் உத்தியோகம், அதுவும் மெஷினுக்கு! எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். மெஷின் படிக்கட்டும், படிக்காமல் போகட்டும். பிரியா படித்தால் எனக்குப் போதும்.

நான் உடன்குடிக்காரன். அப்பாவுக்குக் கருப்பட்டிக் கடை. ஓவியத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் இருந்த ஒரே சம்பந்தம் கடைச் சுவரில் தொங்கிய காலண்டர்தான். கடை அண்ணன் கைக்குப் போனதும் நான் தூத்துக்குடிக்கு வந்தேன். துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு பழைய பஞ்சுக் கிடங்கைப் புதுப்பித்து, ஓர் அறக்கட்டளை அருங்காட்சியகம் நடத்திக்கொண்டிருந்தது. அங்கே எனக்குக் கூடத்தில் நிற்கிற வேலை. படத்தைத் தொடாதீர்கள் என்று சொல்ல வேண்டும். சொல்வதற்கு ஆள் வராத நாள்தான் அதிகம். நின்று நின்று ஒவ்வொரு படமும் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. அது போக, பல்பு மாற்றுவேன், பெயர்ப்பலகை ஒட்டுவேன், மழைக் காலத்தில் வாளி வைப்பேன். என் பயிற்சிக் காலம் என்று சொன்னால் அவ்வளவுதான்.

கொரோனா வந்து கதவைப் பூட்டினோம். இயக்குநர் வசுமதி மேடம் என்னைக் கூப்பிட்டார். “பொன்ராஜ், கூடத்துல நின்னது போதும். நாளைல இருந்து போனுக்குள்ள நில்லுங்க” என்றார். எனக்குப் போனில் பேசவும் பாட்டு கேட்கவும்தான் தெரியும். அடுத்த நாளே என்னை நேரலையில் இறக்கிவிட்டார்கள். படங்களைச் சுற்றிக் காட்டி ஒவ்வொன்றாக விளக்கம் சொன்னேன். நன்றாகப் பேசுகிறோம் என்று எனக்கே ஒரு பெருமை. முடித்துவிட்டுப் பார்த்தால், கேமரா முழு நேரமும் என் பக்கம் திரும்பியிருந்திருக்கிறது. கீழே ஒருத்தர் எழுதியிருந்தார்: ‘மூக்கு நல்லா இருக்கு அண்ணாச்சி. படம் எங்க?’

வசுமதி மேடத்தைப் பற்றிச் சொல்லாமல் என் வேலையைச் சொல்ல முடியாது. அவர் உட்கார்ந்து வேலை பார்த்து நான் கண்டதில்லை. காலையில் ஜன்னலோரம் நின்றபடி வெந்நீர் குடிப்பார். முந்தின நாள் வந்த கமெண்டுகளை நான் எதிரே நின்று வாசிக்க வேண்டும். சும்மா வாசித்தால் விட மாட்டார். “எழுதினவங்க குரல்ல வாசிங்க” என்பார். மதுரைக்காரர் எழுதியிருந்தால் மதுரைக்காரராக, கோபக்காரர் எழுதியிருந்தால் கோபமாக, காலேஜ் பிள்ளை எழுதியிருந்தால் இழுத்து இழுத்து வாசிக்க வேண்டும். வெளியே ஆபீஸ் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது எனக்குக் கேட்கும். நாடகத்துக்குப் போயிருந்தால் நாலு காசாவது பார்த்திருக்கலாம் என்று பல நாள் உள்ளுக்குள் முனகியிருக்கிறேன்.

ஆனால் அதில் விஷயம் இருந்தது. ஒரு தடவை ஒருத்தர் ‘இதெல்லாம் ஒரு படமா’ என்று எழுதியிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. நறுக்கென்று பதில் கொடுக்க வேண்டும் என்றிருந்தேன். மேடம் ரெண்டு மூன்று விதமாக வாசிக்கச் சொன்னார். மூன்றாவது தடவை வாசிக்கும்போது எனக்கே புரிந்தது. மனிதர் வையவில்லை, வியந்திருக்கிறார். போட்டோ என்று நினைத்துப் பார்த்தவருக்கு அது வரைந்த படம் என்று தெரிந்ததும் வந்த ஆச்சரியம் அது. ‘ஆமாம், தைல வண்ணத்தில் வரைந்ததுதான். நேரில் வந்தால் தூரிகைத் தடம் தெரியும்’ என்று எழுதினேன். ஊரடங்கு முடிந்ததும் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து, என்னைத் தேடிக் கை கொடுத்துவிட்டுப் போனார்.

மேடத்திடம் இன்னொரு கண்டிப்பும் உண்டு. ஒரு படத்தின் சேதி உயிரோடிருக்கிற யாருக்காவது சொந்தம் என்றால், பக்கத்தில் ஏற்றுவதற்கு முன்னால் அதை அவர்களுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்ட வேண்டும். அவர்கள் எந்த வார்த்தையை எடுக்கச் சொன்னாலும் எடுத்துவிட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. எழுதினவனுக்கு இது பெரிய இம்சை. ஆசை ஆசையாகப் போட்ட வார்த்தைதான் முதலில் போகும்.

எங்கள் பக்கம் சூடு பிடித்தது ஒரு மீன் படத்தால். தட்டில் ஒரு மீன், பக்கத்தில் எலுமிச்சம்பழம். முன்பு ‘வண்ணங்களின் உரையாடல்’ என்று தலைப்பு போட்டு அதை ஏற்றியபோது எங்கள் ஆபீஸ்காரர்களைத் தவிர யாரும் சீந்தவில்லை. இரண்டாவது தடவை ‘இது என்ன மீன்?’ என்று மட்டும் கேட்டேன். அவ்வளவுதான். சீலா என்றது ஒரு கூட்டம், பாறை என்றது இன்னொரு கூட்டம். வரைந்தவருக்கு மீனே தெரியாது என்றார் ஒருத்தர். இதைக் குழம்பு வைக்கக் கூடாது, பொரிக்கத்தான் வேண்டும் என்று ஓர் அம்மா தீர்ப்பு எழுதினார். அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. கடைக்கு வருகிறவர் கருப்பட்டியின் குணத்தைக் கேட்க வருவதில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொல்லத்தான் வருகிறார். அதைக் காது கொடுத்துக் கேட்டால் கடையில் நிற்பார். அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஒரு படமும் ஒரு கேள்வியும் என்று வைத்துக்கொண்டோம்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை போட்டதுதான் ஆலந்தலைப் படம். ஒரு ஆள் மார்பளவு தெரிகிறார். பின்னால் கலங்கின கடல். வாயை ஆவென்று திறந்திருக்கிறார். மேல் வரிசையில் ஒரு பல் இல்லை. வலது கை காதுக்குப் பின்னால் குவிந்திருக்கிறது. வரைந்தவர் அந்தப் பக்கம் வேலை பார்த்த ஓர் ஓவிய ஆசிரியர். அவர் காலமான பிறகு வீட்டார் கொடுத்தார்கள். பின்பக்கம் ஆலந்தலை என்ற கடலோர ஊரின் பெயரைத் தவிர வேறு குறிப்பில்லை. அதனால் ‘மீனவர், ஆலந்தலை’ என்று பலகை வைத்திருந்தோம். ‘இவர் என்ன சொல்கிறார்? ஒரே வார்த்தையில் எழுதுங்கள்’ என்று கேட்டேன். மேடமும் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

ஐயோ என்றும் அம்மா என்றும் சிலர் எழுதினார்கள். மற்றவர்கள் எல்லாரும் பேசி வைத்த மாதிரி எழுதியது ஒரே வார்த்தை: ‘ஏலே!’ எங்கள் பக்கத்தில் ஆம்பளைகளைக் கூப்பிடுகிற வார்த்தை அது; பொம்பளைகளுக்கு ‘ஏளா’. கொஞ்சலுக்கும் அதுதான், அதட்டலுக்கும் அதுதான். சாயங்காலத்துக்குள் யாரோ அந்த முகத்தை மட்டும் வெட்டி, கீழே ‘ஏலே’ என்று எழுதி, வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். காதுக்குப் பின்னால் இருந்த கை வெட்டில் போய்விட்டது. பல்லில்லாத வாயும் பிதுங்கின கண்ணும்தான் மிச்சம். பார்த்தவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கடன் கேட்பவனுக்கு அந்த ஸ்டிக்கர், பந்தைக் கோட்டை விட்டவனுக்கு அந்த ஸ்டிக்கர், பரீட்சையில் தோற்றவனுக்கும் அதுதான். நான் பால் வாங்க மறந்ததற்கு என் வீட்டுக்காரி எனக்கே அனுப்பினாள். கல்யாணமான நாள் முதல் சொல்ல ஆசைப்பட்டதைச் சொல்ல அவளுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது.

கூட்டம் வர ஆரம்பித்தது. பையன்களும் பெண்களும் படத்துக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு செல்பி எடுத்தார்கள். எங்கள் அறக்கட்டளைச் செயலாளருக்கு ஒரே குஷி. நல்ல மனுஷர், வியாபாரக் குடும்பம். ஆண்டு விழாவுக்கு ‘ஏலே’ டி-ஷர்ட் போட்டுவிடலாம் என்று திருப்பூரில் பேசியும் முடித்துவிட்டார். மேடம் மட்டும் அந்தப் படத்துக்கு முன்னால் அடிக்கடி போய் நின்றார். “எல்லாரும் வாயைப் பாக்கறாங்க பொன்ராஜ். அந்தக் கை என்ன பண்ணுது?” என்று ஒரு நாள் கேட்டார். 

அந்தச் சமயத்தில்தான் சகாயராணி வந்தார். ஐம்பது வயதுப் பெண். தூத்துக்குடியில் ஒரு மீன் கம்பெனியில் இறால் உரிக்கிற வேலை. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். படத்துக்கு முன்னால் வெகு நேரம் நின்றார், வாயைத் திறக்கவில்லை.

“போட்டோ எடுக்கணுமாம்மா? போனக் குடுங்க, நான் எடுத்துத் தாரேன்” என்றேன்.

“வேண்டாம் அண்ணாச்சி. இது எங்க பெரியப்பா” என்றார்.

ஸ்டிக்கர் பரவினதிலிருந்து இது எங்க மாமா, எங்க வாத்தியார் என்று விளையாட்டாகச் சொல்லிக்கொண்டு பல பேர் வந்துபோயிருந்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே, “அப்படியா, பேரு என்ன?” என்றேன். “சூசை. சின்னதுல துடுப்பு பட்டு அந்தப் பல்லு போச்சு” என்றார். முகத்தில் சிரிப்பில்லை. நானும் சிரிப்பை நிறுத்திவிட்டு மேடத்தின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

மேடம் நிற்பதால் சகாயராணியும் உட்காரவில்லை. அதைப் பார்த்துவிட்டு மேடம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அப்புறம்தான் சகாயராணி உட்கார்ந்தார்.

“கம்பெனி வாட்ஸ்அப் குரூப்புல தெனமும் பெரியப்பா மொகம் வருது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்காவ. எங்க பெரியப்பான்னு ஒருத்திக்கும் தெரியாது” என்று தொடங்கினார். “அந்தப் படத்துல எங்க அப்பா இல்ல. ஆனா அவியளத்தான் பெரியப்பா கூப்பிடுதாவ.”

அவர் சொன்னது இதுதான். அப்பா பெயர் ராயப்பன். சங்கு எடுக்கக் கடலில் முங்குகிறவர். “முங்குதவன் இடுப்புக் கயித்த மேல இருந்து மச்சான்தான் பிடிக்கணும்பாவ. கூடப்பொறந்தவ தாலியாச்சே, கவனமாப் பிடிப்பான்னு ஒரு இது. அன்னைக்கு மாமாவுக்குக் காய்ச்சல். அண்ணன் பிடிச்சா என்னன்னு பெரியப்பா பிடிச்சிருக்காவ. கயிறு மட்டும் மேல வந்துச்சு. நான் அப்ப அம்மா வயித்துல. பெரியப்பா தெனமும் கடக்கரையில போயி நின்னு கூப்பிடுவாவளாம். கூப்பிட்டுட்டு, காதுக்குப் பின்னால கைய வச்சு, பதில் வருதான்னு கேப்பாவளாம். எங்க தெருவுல வாடகைக்கு இருந்த டிராயிங் சார் அதத்தான் பாத்து வரைஞ்சிருக்காவ போலுக்கு.”

மேடம் மெதுவாகக் கேட்டார்: “என்ன சொல்லிக் கூப்பிடுவாராம்?”

 சகாயராணி கையிலிருந்த லேஞ்சியை, அந்தக் கைக்குட்டையை, மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார்.

“வேற என்ன சொல்லுவாவ? கூடப்பொறந்த தம்பியாச்சே. ஏலேன்னுதான். என்னைய வளத்தது பெரியப்பாதான். என்னைய ஏளான்னுதான் கூப்பிடுவாவ. ஆனா ஏலேங்க வார்த்த அதுக்கப்பொறவு அப்பாவத் தவிர வேற யாருக்கும் அவிய வாயில வந்ததே கெடையாது. தெருவுல ஓடுத சின்னப் பயலக் கூடப் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாவ. சாகுத வரைக்கும் அப்படித்தான். இப்ப அந்த வார்த்தைய அவிய மொகத்துக்குக் கீழ எழுதி வச்சு ஊரே சிரிக்குது. தப்பா எழுதியிருந்தாக் கூடப் போவட்டும்னு விட்டுருப்பேன். சரியா எழுதிட்டாவளே, மேடம்!”

நான் அழுதுவிட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தூத்துக்குடிக்காரன் எவனும் அந்த வாயைப் பார்த்தால் அந்த வார்த்தையைத்தான் சொல்வான். விளையாட்டாகச் சொன்னது அப்படியே நிஜமாக இருந்துவிட்டது.

“அப்பாவுக்கு ஒரு போட்டோ கெடையாது. அவியளுக்குன்னு இந்த ஒலகத்துல இருக்கது இந்தக் கூப்பாடு ஒண்ணுதான். அதப் பாத்துச் சிரிக்காம இருக்கச் சொல்லுங்க” என்றார் சகாயராணி.

“அது என்னால முடியாதும்மா. முடியும்னு உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்” என்றார் மேடம். அப்புறம் ஒவ்வொன்றாகப் பொறுமையாகச் சொன்னார். பக்கத்திலிருந்து படத்தை எடுத்துவிடலாம், ஆனால் ஸ்டிக்கர் போகாது. சிரிக்காதீர்கள் என்று அறிவிப்பு போடலாம், அதையும் ஸ்டிக்கர் ஆக்குவார்கள். நடந்ததைச் சொல்லலாம், ஆனால் சொன்ன பிறகு அது ஊர்ப் பேச்சாகிவிடும், திரும்ப வாங்க முடியாது. “எதுவுமே செய்ய வேண்டாம்னு நீங்க சொன்னாலும் சரிதான். யோசிச்சுச் சொல்லுங்க.”

இடையில் செயலாளருக்கு விஷயம் போய்விட்டது. போனில் ஒரே உருக்கம். “அந்தம்மாவ வச்சு ஒரு வீடியோ எடுத்துப் போடுங்க மேடம், சும்மா பிச்சுக்கிட்டுப் போவும். டி-ஷர்ட்டையும் அன்னைக்கே வெளியிட்டுருவோம். அந்தம்மாவுக்கும் ஒண்ணு குடுத்துருவோம்” என்றார். மேடம் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. “செய்யலாம் சார். முதல் டி-ஷர்ட்ட நீங்க போட்டுக்கிட்டு ஆலந்தலைக் கோயில் திருவிழாவுக்கு, அவர் ஊர்க்காரங்க நடுவுல ஒரு நடை போயிட்டு வந்துடுங்க. மிச்சத்தை அப்புறம் அடிக்கச் சொல்லலாம்” என்றார் மேடம்.  டி-ஷர்ட் வேண்டாமென்று திருப்பூருக்கு அன்றைக்கே சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அவர் மேடத்திடம் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து சகாயராணி வந்தார். “சொல்லுங்க. ஆனா என்னையச் சொல்லக் கூடாது” என்றார். நான் ஒரு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தேன். அலை, வானம், பாசம் எல்லாம் அதில் இருந்தன. வாய்விட்டு வாசித்தேன். ‘கடலில் மாண்ட தம்பி’ என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“மாண்டாவன்னு யாரு கண்டா? வரல. அவ்வளவுதான்.”

எடுத்தேன். ‘கண்ணீர்’ போனது. ‘கொடிய கடல்’ போனது. “கடல் என்னத்தக் கொடுமையாப் பண்ணிச்சு? அதுலதான சாப்பிடுதோம்” என்றார். எனக்குள் முணுமுணுப்புதான், ஆனாலும் ஏன் என்று கேட்கவில்லை. கடைசியில் மிஞ்சியது இவ்வளவே:

‘இவர் சூசை. ஊர் ஆலந்தலை. தம்பி ராயப்பனைக் கூப்பிடுகிறார். சங்கு எடுக்க முங்கிய ராயப்பன் மேலே வரவில்லை. காதுக்குப் பின்னால் கை வைத்திருப்பது, தம்பியின் பதிலைக் கேட்பதற்காக.’

“கமெண்ட் எழுத முடியாதபடி மூடி வச்சிடறேன். யாரும் கண்டபடி எழுதிடக் கூடாது” என்றார் மேடம். சகாயராணி வேண்டாமென்று தலையை ஆட்டினார். “மூடாதிய மேடம். பதில் கேக்குதவிய மொகத்துல கதவ மூடலாமா?” மேடம் என்னைப் பார்த்து, அப்படியே செய்யுங்கள் என்று கையைக் காட்டினார். திறந்தபடியே ஏற்றினேன். படத்தை முழுசாக, கையோடு, சட்டத்தோடு போட்டேன்.

முதலில் வந்தவை வழக்கமான சிரிப்புப் பொம்மைகள்தான். படிக்காமலே சிரிக்கிற கூட்டம் எங்கேயும் உண்டு.  அப்புறம் சிரிப்பு நின்று, ஒன்றும் வராமல் கிடந்தது. அது இன்னும் பயமாக இருந்தது. பிறகு ஒரு கமெண்ட்: ‘வாரேண்ணே.’

கேலி பண்ணுகிறான் என்று எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. மறைத்துவிடப் போனேன். மேடம் என் கையைப் பிடித்தார். “வாசிங்க” என்றார். நான் கடுகடுவென்று வாசித்தேன். “அது உங்க குரல். அவர் குரல்ல வாசிங்க.” திரும்ப வாசித்தேன். வாரேண்ணே. வீட்டுத் தெருமுனையிலிருந்து அண்ணனுக்குக் குரல் கொடுக்கிற மாதிரிதான் அது வந்தது. முன்பு அந்த ஸ்டிக்கரை எங்கள் பக்கத்திலேயே பல தடவை போட்டவர் அவர்.

அதற்குப் பிறகு வந்துகொண்டே இருந்தது. ‘இங்கனதான் நிக்கேன், அண்ணே.’ ‘கரையேறிட்டேன்ணே, நீ வீட்டுக்குப் போ.’ ‘கேக்குது அண்ணே, கேக்குது.’ கப்பல் வேலையில் எங்கோ நடுக்கடலில் இருந்த ஒருத்தர், ‘இங்கயும் கேட்டுச்சு’ என்று எழுதினார். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாங்கள் கேள்வியும் கேட்கவில்லை. சூசைக்கு எல்லாரும் தம்பியாகிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு கமெண்டுக்கும் நான் நன்றி போடவில்லை. அவை எங்களுக்கு எழுதியவை இல்லை.

ஸ்டிக்கர் செத்துப்போனது என்று நினைக்க வேண்டாம். இன்றைக்கும் உலவுகிறது. சிரிக்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்கிறார்கள். கூடத்தில் பலகையை மட்டும் மாற்றினோம். ‘சூசை, தம்பியைக் கூப்பிடுகிறார்’ என்று இருக்கிறது. பிரியா, மெஷின் எப்படிப் பதில் எழுத வேண்டும் என்று கேட்டாய். எனக்குத் தெரிந்து அதற்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். சில இடங்களில் எழுதாமல் இருக்க அதற்குக் கற்றுக்கொடு.

பதிவை ஏற்றி மூன்று நாலு வாரம் இருக்கும். கமெண்ட் வரத்து குறைந்துவிட்டது. ஒரு காலையில் பார்த்தால், மாதா படம் வைத்த ஒரு கணக்கிலிருந்து புதிதாக ஒன்று வந்திருந்தது. பெயரைப் பார்த்தேன், சகாயராணி. தன்னைச் சொல்லவே கூடாது என்றவர், ஊர் அறியத் தன் பெயரிலேயே எழுதியிருந்தார்:

‘பெரியப்பா, அப்பா வரல. நான் வந்துருக்கேன்.’